ஹஸார்ட்: ஒரு பக்கக் குறிப்பு

மேடம் வந்து மேசையோரம் நின்றபோது அகராதி ஒரு மிக்ஸியின் கையேட்டில் பதினேழாம் பக்கத்தில் இருந்தார். மூடியைத் திறப்பதற்கு முன் சுவிட்சை அணைக்கவும் என்று எழுதினால் போதுமா, அணைத்துவிட்டு பிளேடு நிற்கும்வரை காத்திருக்கவும் என்று எழுத வேண்டுமா என்று கால் மணி நேரமாக யோசித்துக்கொண்டிருந்தார். ஆங்கிலத்தில் அது இல்லை. ஆனால் அணைத்த பிறகும் பிளேடு இரண்டு சுற்று சுற்றும் என்பது மிக்ஸி வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். ஆங்கிலத்தில் எழுதியவனுக்குத் தெரியாவிட்டால் போகட்டும். வாங்குகிறவர்கள் அந்தக் கையேட்டை உறைகூடப் பிரிக்காமல் அட்டைப்பெட்டியோடு பரண்மேல் போட்டுவிடுவார்கள் என்பதும் அவருக்குத் தெரியாததல்ல. அதற்காக யாரோ ஒருவருடைய விரலை விட்டுக்கொடுக்க முடியாது என்று அந்த வரியைச் சேர்த்தே எழுதினார்.

அகராதி என்பது ஆபீஸ் வைத்த பெயர். நிறைய வார்த்தை தெரிந்தவர் என்று பாதிப் பேர் அப்படிக் கூப்பிட்டார்கள், அகராதி பிடித்தவர் என்று மீதிப் பேர். அவர் காதில் முதல் பாதி மட்டும்தான் விழுந்தது. மூன்றாவது மாடியில் நாலு மேசை, ஒரு பிரிண்டர், மூன்று வருஷமாக 'பழுது' என்று அட்டை தொங்குகிற லிப்ட். இதுதான் அவர் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்து மொழிபெயர்க்கிற இடம். மருந்துச் சீட்டு, தையல் மிஷின் கையேடு, பூச்சி மருந்து டப்பாவின் பின்பக்கம், எல்லாம் அவர் கையைத் தாண்டித்தான் வெளியே போகும். அடிக்குறிப்பில்கூடப் பெயர் வராத வேலை. ஆனாலும் பஸ்ஸில் யாராவது மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தால், அவர் எட்டி அது தன்னுடையதா என்று பார்ப்பார்.

மேடம் ஒரு பழுப்புக் கவரை மேசைமேல் வைத்தார். அவர்தான் அந்த ஆபீஸை நடத்துகிறவர். கெட்டவர் அல்ல. சம்பளம் ஒன்றாம் தேதி வரவில்லை என்றால் இரண்டாம் தேதி தானே வந்து மன்னிப்புக் கேட்கிற ரகம். கவர் ரசாயன ஃபேக்டரியின் வக்கீலிடமிருந்து வந்திருந்தது. அந்த ஃபேக்டரி கொடுக்கிற வேலை நின்றால் நாலு மேசையில் இரண்டு காலியாகும், அதில் யார் மேசை முதலில் காலியாகும் என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. வெள்ளிக்கிழமை தொழிலாளர் துறை அலுவலகத்தில் ஒரு விசாரணை இருக்கிறது, அதற்கு முன் ஒரு குறிப்பு வேண்டும் என்றார் மேடம். ஹஸார்ட் என்ற ஆங்கிலச் சொல்லின் பொருள்கள், மொழி வழக்கில் அது எப்படியெல்லாம் வருகிறது, அதற்குத் தமிழில் 'கவனம்' என்று போட்டது பொருத்தம்தானா, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், கையெழுத்தும் ஆபீஸ் முத்திரையும் வேண்டும். ஒரு பக்கம் போதும்.

"உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு தெரியும். வேற ஆளை எழுதச் சொல்லலாம்னா, அந்த மெயில்ல உங்க பேருதான் இருக்கு" என்றார் மேடம்.

தங்கை மாப்பிள்ளை அந்த ஃபேக்டரியில் அடிபட்டுக் கிடக்கிற விஷயம் வக்கீலுக்குத் தெரியுமா என்று அகராதி கேட்டார். மேடம் கவரின் மூலையை விரலால் நீவிக்கொண்டே தெரியும் என்றார். தெரிந்துதான் கேட்கிறார்கள், அடிபட்டவனுடைய சொந்த மச்சானே எழுதிக் கொடுத்தால் அதற்கு மேல் பேச்சு இருக்காது என்று வக்கீல் சொன்னாராம். அதைச் சொல்லும்போது மேடத்தின் முகம் வாடித்தான் போயிருந்தது. ஆனால் கவரைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகவில்லை.

உள்ளே மூன்று தாள்கள் இருந்தன. முதலாவது ஃபேக்டரியின் ஆங்கில எச்சரிக்கைத் தாள். மேலே சிவப்புக் கட்டத்துக்குள் ஹஸார்ட் என்று கொட்டை எழுத்து, கீழே காலியான தொட்டியிலும் ஆவி தங்கியிருக்கக்கூடும் என்று ஒரே ஒரு வரி. இரண்டாவது அதன் தமிழ். சிவப்புக் கட்டம் மஞ்சளாகியிருந்தது, உள்ளே கவனம் என்று இருந்தது. அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி சின்ன எழுத்தில் மொழிபெயர்ப்பு ஆபீஸின் பெயர். மூன்றாவது தாள் ஒன்றரை வருஷத்துக்கு முன் அவர் அனுப்பிய மெயிலின் அச்சு. அதை எடுத்துப் பார்க்காமலேயே அதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். எழுதிய அன்று அதை நாலு தடவை படித்துத் தானே ரசித்திருந்தார்.

நடந்தது இதுதான். முதலில் அவர் அந்தக் கட்டத்துக்குள் எழுதியது 'உயிருக்கு ஆபத்து'. தொட்டி என்றால் இரண்டு ஆள் உயரத்துக்கு இரும்பில் செய்தது, மேலே ஒரு மூடி, உள்ளே இறங்க ஏணி. கரைசலை எடுத்த பிறகு அடியில் தங்கியதைச் சுரண்டிக் கழுவ ஆள் இறங்க வேண்டும். அந்தத் தாளை ஒட்டிய முதல் நாளே கழுவுகிற ஆட்களில் இரண்டு பேர் படித்துவிட்டு, காற்றைச் சோதிக்கிற கருவி வராமல் இறங்க மாட்டோம் என்று தொட்டிக்கு வெளியே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். கருவி வேறொரு கட்டடத்தில் இருந்தது, அது வந்து சேர மத்தியானம் ஆனது. மறுநாள் ஃபேக்டரியின் பாதுகாப்பு அதிகாரி மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க வந்தார். முப்பது வயது, மரியாதை தெரிந்த பையன், வாய்க்கு வாய் சார் போட்டான்.

"நீங்க எழுதினது தப்புன்னு சொல்லல சார். ஆனா ஹஸார்டுன்னா டேஞ்சர் இல்லையே சார். உங்களுக்குத் தெரியாததா?"

அந்தக் கடைசி வார்த்தையில்தான் அவர் விழுந்தார். மாற்ற முடியாது என்று சொல்லியிருக்கலாம். சரி, நீ சொல்கிறாய், மாற்றுகிறேன் என்று பணிந்தும் போயிருக்கலாம், அதிலாவது ஒரு நேர்மை இருந்திருக்கும். இரண்டும் செய்யாமல் அகராதி தன் புத்திக்கே உரிய ஒன்றைச் செய்தார். வளைந்தது வெளியே தெரியக் கூடாது என்று வளைந்ததற்கு இலக்கணம் எழுதினார். ஹஸார்ட் என்பது தீங்கு செய்யும் தன்மை உடைய ஒன்று, அது சும்மாவும் கிடக்கலாம். ஆபத்து என்பது அந்தத் தீங்கு கிட்டே வந்துவிட்ட நிலை. அடுப்பில் எண்ணெய் காய்வது ஹஸார்ட், அதன் பக்கத்தில் குழந்தை தவழ்வதுதான் ஆபத்து. ஆகையால் முன்பு தந்த சொல் மூலத்தைவிடக் கடுமையானது, 'கவனம்' என்பதே நெருங்கியது. இதை இரண்டு பத்தியில், மேற்கோள்களோடு, யாரும் கேட்காமலேயே எழுதி அனுப்பினார். பிரமாதம் சார் என்று அதிகாரி பதில் போட்டான்.

அன்றைக்கு மாப்பிள்ளையின் நினைப்பு வராமல் இல்லை. வந்தது. தங்கையின் புருஷன் அதே ஃபேக்டரியில்தான் பதினோரு வருஷமாக இருந்தார். ஆனால் பேக்கிங்கில். டப்பாவை அட்டைப்பெட்டியில் அடுக்கி டேப் ஒட்டுகிற ஆளுக்குத் தொட்டியோடு என்ன வேலை? நம்ம ஆள் பேக்கிங்கில்தானே என்று நினைத்துக்கொண்டேதான் அகராதி அந்த மெயிலை அனுப்பினார். அந்த நினைப்பை மட்டும் அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பிறகு பேக்கிங்குக்கு மெஷின் வந்தது, ஆட்களைப் பிரித்துப் போட்டார்கள், மாப்பிள்ளைக்குக் கழுவுகிற பிரிவு கிடைத்தது. நாலு மாசத்துக்கு முன் காலித் தொட்டிக்குள் இறங்கியவர் ஆவியில் மயங்கி விழுந்தார், தூக்கித்தான் வெளியே எடுத்தார்கள்.

அன்று சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போனார். போக வேண்டாம் என்றுதான் இருந்தது. கால் தானாகத் திரும்பியது என்றெல்லாம் கதை விடக் கூடாது, தங்கை மத்தியானமே போன் செய்து வரச் சொல்லியிருந்தாள். அவள் ஒரு லாண்டரியில் இஸ்திரி போடுகிறவள். மாப்பிள்ளை படுத்ததிலிருந்து காலை ஷிப்ட் மட்டும் போகிறாள். வீடு ஒன்றரை அறை. கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, நாலு தலையணையை முதுகுக்கு முட்டுக்கொடுத்து மாப்பிள்ளை சாய்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டும். கட்டிலுக்கடியில் ஆக்ஸிஜன் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, அதிலிருந்து வந்த குழாய் இரண்டு காதையும் சுற்றி மூக்குக்குப் போனது. மெஷின் ஃபேக்டரி கொடுத்தது. விசாரணை முடியும்வரைக்கும் என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்திருந்தார்கள்.

தங்கை நேராக விஷயத்துக்கு வந்தாள். சோதித்துப் பார்க்கச் சொல்லாமல் அவராகவே இறங்கினார், தாளைப் படித்துவிட்டேன் என்று கையெழுத்தும் போட்டிருக்கிறார், எல்லாம் அவருடைய அலட்சியம் என்று ஃபேக்டரி சொல்கிறது. வெள்ளிக்கிழமை அப்படியே தீர்ப்பானால் மெஷினை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், ஆஸ்பத்திரிச் செலவும் நின்றுவிடும். அவளுக்கு இன்னொன்றும் தெரிந்திருந்தது. கூட வேலை செய்கிற ஒருவர் வந்து, அதிகாரியின் அறையில் தொங்குகிற இங்கிலீஷ் தாளில் கட்டம் சிவப்பாக இருக்கிறது, வார்த்தையும் வேறு என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"நீ சரியாத்தான் எழுதிக் குடுத்திருப்ப. அவங்கதான் அப்புறமா மாத்திட்டாங்க. நீ வந்து அத மட்டும் சொல்லுண்ணா, போதும்" என்றாள்.

அகராதி பதில் சொல்வதற்கு வாயைத் திறந்தார். திறந்த வாயில் தங்கை தண்ணீர் டம்ளரை நீட்டினாள், அவர் குடித்தார். மடக்மடக்கென்று முழு டம்ளரையும் குடித்து முடித்தபோது சொல்ல வேண்டிய நேரம் போயிருந்தது. முதலில் சரியாக எழுதியது நிஜம்தானே என்று உள்ளே ஒரு குரல் நைசாக ஆரம்பித்தது. அவங்கதான் மாத்தச் சொன்னாங்க, அதுவும் நிஜம்தானே. அவர் ஆயுசு முழுக்க அரைகுறை வாக்கியங்களைச் சரி செய்து பிழைத்தவர். ஒரு வாக்கியத்தின் எந்தப் பாதியை விட்டால் மீதிப் பாதி நல்லவனாகத் தெரியும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மாப்பிள்ளை கையை ஆட்டி அவரைக் கிட்டே கூப்பிட்டார். பேசாதீங்க என்று தங்கை தடுத்தாள். அவர் கேட்கவில்லை. நாலு வார்த்தைக்கு ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு சொன்னார். தாளை மற்றவர்கள் யாரும் படிக்க மாட்டார்களாம், கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்களாம். அவர் மட்டும் கழுவுகிற பிரிவுக்குப் போன முதல் நாளே நின்று முழுசாகப் படித்தாராம். அடியில் ஆபீஸ் பேர் இருந்ததே, எங்க மச்சான் எழுதினது என்று எல்லோரையும் கூப்பிட்டுச் சத்தமாகப் படித்தும் காட்டினாராம். அவர் எழுதினால் யோசித்துத்தான் எழுதியிருப்பார், அதில் இல்லாத பயம் நமக்கு எதற்கு என்று மற்றவர்களுக்குத் தைரியமும் சொன்னாராம்.

"அலட்சியமா எறங்கினேன்னு... நீங்க நெனச்சுடக் கூடாது மச்சான். வாயில துணி கட்டிக்கிட்டேன். ஏணியைப் பிடிச்சு... ஒவ்வொரு படியா. நீங்க போட்டிருந்த மாதிரி... கவனமாத்தான் எறங்கினேன்."

அகராதி குழாய் போகிற மூக்கைப் பார்த்தார், தலையணையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். மாப்பிள்ளை அவர் பதிலுக்காகக் காத்திருந்தார், வாத்தியாரிடம் நோட்டைக் காட்டிவிட்டு நிற்கிற பிள்ளை மாதிரி. எனக்குத் தெரியும் மாப்பிள்ளை, நீங்க அலட்சியமான ஆள் இல்ல என்று அகராதி சொன்னார். மாப்பிள்ளை திருப்தியாகக் கண்ணை மூடிக்கொண்டார். வாசலில் செருப்பைத் தேடும்போது, வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வந்துவிடுவேன் என்று தங்கையிடம் சொல்லிவிட்டு அகராதி வெளியே வந்தார்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் கணக்குப் போட ஆரம்பித்தார். குறிப்பு எழுத முடியாது என்றால் வேலை போகும், ஐம்பத்துமூன்று வயதில் வேறு யார் கூப்பிட்டுக் கொடுப்பார்கள்? எழுத மறுத்தாலும் மெயில் அவர்கள் கையில் இருக்கிறது, அதைக் கொண்டே காரியத்தை முடித்துக்கொள்வார்கள். அப்புறம் மறுத்து என்ன லாபம்? எழுதத்தான் வேண்டும், ஆனால் பொய் எழுத வேண்டியதில்லை. சொல்லைப் பற்றி உள்ளதை உள்ளபடி எழுதுவோம், இந்தப் பக்கமும் சாயாமல் அந்தப் பக்கமும் சாயாமல். நடந்த கதையை வெள்ளிக்கிழமை நேரில் நின்று வாயால் சொல்லிவிடுவோம். இறங்க வேண்டிய நிறுத்தம் வருவதற்குள் மனசு லேசாகிவிட்டது. இப்படி லேசாகிற மனசை நம்பக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை வந்ததும் மிக்ஸியை ஒதுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார். முதல் வரி வர அரை மணி நேரம் ஆனது, அதற்குப் பிறகு கை நிற்கவில்லை. ஹஸார்ட் என்பது பழைய நாளில் ஒரு பகடையாட்டத்தின் பெயர். காசை வைத்து உருட்டுகிற ஆட்டம். விழுவது எதுவோ அதை ஏற்க வேண்டும். அதிலிருந்து அது குருட்டு அதிர்ஷ்டத்துக்குப் பெயரானது, பிறகு கெட்ட அதிர்ஷ்டத்துக்கு. வினைச்சொல்லாக வரும்போது அதற்குத் துணிதல் என்று பொருள், ஒருவன் ஓர் ஊகத்தைக்கூட ஹஸார்ட் செய்யலாம். கோல்ஃப் மைதானத்தில் மணல் பள்ளமும் குட்டையும் ஹஸார்ட்தான், அதில் பந்து விழுந்தால் யாரும் சாவதில்லை. நடுரோட்டில் நின்றுபோன கார் நாலு விளக்கையும் மினுக்கினால் அதுவும் ஹஸார்ட் விளக்கு, பார்த்து ஒதுங்கிப் போ என்பதற்கு மேல் அதில் மிரட்டல் இல்லை. காப்பீட்டுக்காரர்களின் வழக்கு ஒன்று, தொழிற்சாலைகளின் வழக்கு ஒன்று. ஒவ்வொன்றையும் எடுத்து, தூசி தட்டி, அதனதன் இடத்தில் வைத்தார். பதினொரு மணிக்கு டீ வந்தது, ஆறியது. வேலையில் இந்த சந்தோஷம் வந்து எத்தனை காலமாயிற்று என்று நினைத்தார். யாருக்காக எழுதுகிறோம் என்பது ஒரு மணி நேரம் அவருக்குச் சுத்தமாக மறந்து போயிருந்தது. பிறகு அதை நினைத்துத்தான் அவருக்கு உடம்பு கூசியது.

கடைசி வரியில் வந்து நின்றார். அதற்காகத்தானே மொத்தப் பக்கமும். பொருத்தமானது என்று எழுதக் கை வரவில்லை, பொருத்தமற்றது என்று எழுதவும் வரவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். மேற்கண்ட வழக்குகளை நோக்க, 'கவனம்' என்ற சொல் முற்றிலும் பொருந்தாதது என்று கூறுவதற்கில்லை. எழுதிவிட்டு மறுபடி படித்தார். பொய் இல்லை. இரண்டு எதிர்மறையைப் போட்டு நடுவில் ஒளிந்துகொண்டோம் என்று அவருக்கே தெரிந்தது, ஆனால் பொய் இல்லை. கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். மேடம் நின்றபடியே படித்துவிட்டு, நியாயமா எழுதியிருக்கீங்க என்று பெருமூச்சு விட்டார். வக்கீலிடமிருந்து ஒரு மணி நேரத்தில் நன்றி சொல்லி போன் வந்தது. இவ்வளவு எதிர்பார்க்கவில்லை என்றாராம்.

வெள்ளிக்கிழமை ஒன்பதே முக்காலுக்கே அகராதி தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போய்விட்டார். நீளமான நடை, இரண்டு பக்கமும் பெஞ்சு, கடைசியில் மூடிய கதவு. பையைப் பக்கத்தில் வைத்து அவருக்கு இடம் பிடித்து வைத்திருந்த தங்கை அவரைப் பார்த்ததும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை சக்கர நாற்காலியில் இருந்தார், காலடியில் கைப்பெட்டி அளவுக்கு ஒரு சிலிண்டர். புதுச் சட்டையின் மடிப்பு கத்தி போல் நின்றது, தங்கையே போட்ட இஸ்திரி. எதிர்ப் பெஞ்சில் ஃபேக்டரி வக்கீல் அகராதியைப் பார்த்துத் தலையசைத்தார். தெரிந்தவருக்குச் செய்கிற மாதிரி, கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார். அகராதி பார்க்காதது போல் உட்கார்ந்தார்.

உள்ளே போகும் முன் தங்கையிடம் தனியாகச் சொல்லிவிட வேண்டும் என்று வழி நெடுக ஒத்திகை பார்த்து வந்திருந்தார். முதல் வாக்கியம் தயாராக இருந்தது. அதற்குள் தங்கை பையிலிருந்து ஒரு கற்றைத் தாளை எடுத்தாள். எதிர்த்தரப்பு தாக்கல் செய்த காகிதங்களின் நகலாம், இவர்களுக்காக வாதாடுகிற தொழிற்சங்க வக்கீல் இப்போதுதான் கொடுத்து, உள்ளே போய்விட்டு வருகிறேன் என்று போயிருக்கிறார். எல்லாம் இங்கிலீஷ். அவள் தாள்களைத் தள்ளி ஒன்றை வெளியே இழுத்தாள். அடியில் இருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படித்து வைத்திருந்தாள். முகத்தில் நாலு மாசமாக இல்லாத ஒரு தெளிவு இருந்தது.

"உன் பேருதானண்ணா இது? முன்னாடியே எழுதிக் குடுத்துட்டியா? எங்கிட்ட சொல்லவே இல்ல. என்ன போட்டிருக்க, படிச்சுச் சொல்லு."

மாப்பிள்ளையும் கேட்கட்டும் என்று நாற்காலியைக் கொஞ்சம் இழுத்துப் போட்டாள். இவ்வளவு தூரம் வந்த களைப்பில் அவருக்குக் கண் சொருகிக்கொண்டிருந்தது. அகராதி தாளை வாங்கினார். யாருடைய வேண்டுகோளின்படி எழுதப்பட்டது என்று தலைப்பில் இருந்த வரியை விட்டுவிட்டு, முதல் பத்தியிலிருந்து ஆரம்பித்தார். இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ பேருடைய வாக்கியங்களைத் தமிழாக்கியவர், தன்னுடையதைத் தானே தமிழாக்கியது இதுதான் முதல் தடவை. இந்த வார்த்தை முதல்ல ஒரு பகடையாட்டத்தோட பேரு என்றார். தங்கை தலையாட்டினாள். பெரிய படிப்பாளிகள் இப்படித்தான் தொடங்குவார்கள் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். துணிஞ்சு சொல்றதுக்கும் இதே வார்த்தை என்றார். அதற்கும் தலையாட்டினாள். கோல்ஃப் மைதானம் வந்தது. மணல் பள்ளம், குட்டை, பந்து. தங்கையின் தலை மெல்ல நின்றது.

கார் விளக்குக்கு வந்தபோது குரல் தானாக இறங்கியது. வாக்கியத்தை நடுவில் கொஞ்சம் திருப்பிப் போட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது, அவளுக்கு எங்கே தெரியப்போகிறது. அப்படித் தோன்றியதற்காகத் தன்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. இருக்கிறபடியே சொன்னார். பார்த்து ஒதுங்கிப் போங்கறதுக்கு மேல அதுல மிரட்டல் இல்ல.

எதிர்ப் பெஞ்சில் வக்கீல் தன் தாள்களைத் தட்டி ஒழுங்காக அடுக்குகிற சத்தம் கேட்டது. தங்கை அந்தப் பக்கம் பார்த்தாள். அவர் அகராதியைப் பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். பிறகு அண்ணன் கையிலிருந்த தாளின் மேல்பகுதியை, அவர் படிக்காமல் விட்ட வரியை, விரலால் தொட்டாள்.

"இத யாரு கேட்டு எழுதின?"

"ஃபேக்டரில கேட்டாங்க" என்றார் அகராதி.

கத்துவாள் என்று எதிர்பார்த்தார். தாளைப் பிடுங்கிக் கிழித்தெறிந்தால்கூட நன்றாக இருக்கும் என்று இருந்தது. மூஞ்சியில் காறித் துப்பியிருந்தால் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒத்திகை பார்த்த முதல் வாக்கியம் தொண்டைவரை வந்தது. முதல்ல நான் உயிருக்கு ஆபத்துன்னுதான் போட்டேன், அது இப்படி ஆரம்பிக்கும். இப்போது அதைச் சொன்னால், தெரிந்தே மாற்றினேன் என்றுதான் அவள் காதில் விழும். அதுதான் உண்மையும். கதவு திறந்து ஒரு ஆள் எட்டிப் பார்த்து, யாரோ ஒருவருடைய வழக்கு எண்ணைக் கூப்பிட்டுவிட்டு மறுபடி மூடிக்கொண்டான். இவர்களுடையதற்கு முன் இன்னும் ஒன்று இருந்தது.

மாப்பிள்ளை தூங்கிவிட்டிருந்தார். தலை ஒரு பக்கம் சரிந்து, வாய் லேசாகத் திறந்து, எச்சில் புதுச் சட்டையின் காலரை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. தங்கை எழுந்து அவர் தலையை நிமிர்த்தினாள். பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து உதறினாள்.

"மேல படிங்க" என்றாள்.

பேச்சு வந்த நாளிலிருந்து அவரை நீ, வா, போ என்றே கூப்பிட்டவள். அவருக்குக் கல்யாணமான பிறகும், தலை நரைத்த பிறகும், நாலு பேர் முன்னால் அண்ணனை இப்படியா பேசுவது என்று மற்றவர்கள் கேட்ட பிறகும் அதை மாற்றிக்கொள்ளாதவள்.

ஒரு வரிதான் பாக்கி இருந்தது. அகராதி அதன் கீழே விரலை வைத்தார். தங்கை அவர் பக்கம் திரும்பவில்லை. முதுகைக் காட்டியபடி குனிந்து, துண்டின் ஒரு முனையை மடித்து, புருஷனின் மோவாயை மெதுவாக, குழாய் நகராமல், துடைத்துக்கொண்டே காத்திருந்தாள்.